கூட்டுக் கதைக்கு ஒரு பாத்திரம்



சென்ற திங்கள் இப்பகுதியின் இறுதியில் எங்கள் கூட்டுக் கதைக் குழுவைப் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அதன் பயனாக இம்மாதம் 9 கடிதங்கள் வந்துள்ளன. வழக்கமாக எனக்கு வருபவை இரண்டு. அவற்றுள்ளும் ஒன்று எழுத்துப் பிழை சுட்டுவதாக இருக்கும். ஆகவே, குடும்பத்துடன் ஊருக்குப் போகும்போது பாஸ் வாங்கும் முறைகளைப் பற்றி எழுதுவதாக இருந்ததை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இக்கடிதங்களுக்கு விடை கூற முற்படுகிறேன்.

அவற்றுள் ஒன்று, ஜபல்பூரில் கல்லூரியில் பயிலும் ஓர் இளம்பெண் எழுதியது. குழுவில் சேர விரும்புகிறவர் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொண்டு வர வேண்டும் என்பது எங்கள் விதி. அவ்வாறே அவரும் ஒரு பாத்திரத்தைப் படைத்திருக்கிறார். அவள் பேரழகி, ஐந்து மொழிகள் அறிந்தவள், வீணை வாசிப்பாள், 22 வயதிலேயே மாவட்ட ஆட்சித் தலைவர் ஆனவள். “எனினும், ஐயா, எழுத உட்கார்ந்தால் மூன்றாம் வரிக்கு மேல் அவளுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. காரணம் என்ன?” என்று கேட்கிறார்.

இந்த நோய் எனக்கும் வந்து தெளிந்தது. ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு.

புதிய நேயர்களுக்காக ஒரு சொல். எங்கள் குழுவில் பதினொருவர் இருக்கிறோம். எல்லாரும் பிழைப்பை நாடித் தமிழ்நாட்டை விட்டு வந்தவர்கள், அல்லது அவ்வாறு வந்தவர்களின் மக்கள். கரக்பூரில் ஒரு நண்பர், நாகபுரியில் ஓர் அம்மையார், செகந்திராபாத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்று ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கிறோம். கைபேசியின் வழியாக அனைவரும் சேர்ந்து ஒரே கதையை எழுதி வருகிறோம். கதை நிகழும் இடம் ஒரு பெரிய ரயில் சந்திப்பும் அதை ஒட்டிய காலனியும். அந்த ஊருக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. அஃது இடார்சி என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நாகபுரி என்று நாகபுரி அம்மையார் நினைத்துக்கொள்கிறார். அதனால் கதைக்கு யாதொரு கேடும் நேரவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். அதன் சொல்லும் செயலும் நினைப்பும் உரியவர் எழுத வேண்டியவை. பிறர் அதில் கை வைத்தல் ஆகாது. ஒருவர் பத்து வரி எழுதி நிறுத்துவார். அதற்கு விடையாக மற்றொருவர் தம் பாத்திரத்தைக் கொண்டு பத்து வரி எழுதுவார். நாடகத்தைப் போன்றதுதான். ஆயின் இங்கே வசனம் முன்கூட்டி எழுதப்பட்டிருப்பதில்லை. அடுத்த காட்சி யாதென ஒருவருக்கும் தெரியாது.

நிற்க. என் முதற் பாத்திரத்தின் கதையைக் கேளுங்கள். அவன் பெயர் சிதம்பரநாதன். என் வயதே அவனுக்கும். நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன், அவனோ எம்.ஏ. தேறித் தங்கப் பதக்கம் பெற்றவன். நான் பார்சல் ஆபீஸில் குமாஸ்தா; அவன் நிலையத்துக்கே தலைவன். ஆறடி உயரம். வங்காளியும் மராத்தியும் தண்ணீர் பட்ட பாடு. இரவு டியூட்டியில் சரக்குகள் வரும்வரை விழித்திருந்த நேரங்களில், எனக்கு இல்லாதவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அவன் மேல் ஏற்றினேன் என்பதை இப்போது மறைப்பதற்கில்லை.

முதல் வாரத்திலேயே சிதம்பரநாதன் சரக்கு யார்டில் திருடரைப் பிடித்தான். காணாமற்போன குழந்தையைத் தாயிடம் சேர்ப்பித்தான். லஞ்சம் கொடுக்க வந்த ஒப்பந்தக்காரரை நாணித் தலை குனியச் செய்தான். கரக்பூர் நண்பரின் பாத்திரம் ஒரு சுமைதூக்கும் கிழவர். அவர் மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததாக நண்பர் ஓர் அருமையான காட்சியைத் தொடங்கினார். மருத்துவமனை, மகளுக்குச் செய்தி அனுப்புதல், கூலியில்லாத நாட்கள் என ஒரு மாதத்துக்கு வேண்டிய கதை அதில் இருந்தது. நான் விட்டேனா? இரண்டே வரிகளில் சிதம்பரநாதன் ஓடி வந்து, தன் கையாலேயே எலும்பைப் பொருத்திக் கட்டிவிட்டான்!

அதன்பின் குழு மௌனமாயிற்று. ஒரு நாள், இரண்டு நாள் அன்று, ஒன்பது நாட்கள். கைபேசிதான் பழுதோ என்று ஐயுற்று, அதை அணைத்து அணைத்து ஏற்றிப் பார்த்தேன்.

பத்தாம் நாள் காலை, டியூட்டி முடிந்து வந்து சமையலறை வாயிலில் அமர்ந்து என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் இட்லி மாவை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். “உங்க சிதம்பரநாதன் தளும்பத் தளும்ப நிறைஞ்சு கிடக்கிற பாத்திரம்ங்க. அதிலே இன்னொருத்தர் எதைக் கொண்டு வந்து ஊத்துவாங்க?” என்றாள். கதையில் வருபவனுக்கும் சமையலறையில் இருப்பதற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவளும் எண்ணிச் சொன்னாளோ என்னவோ. மாவு வழியாமல் இருக்கிறதா என்பதிலேயே அவள் கண் இருந்தது.

இவ்வகை எழுத்துக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1826இல் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த ஹாவொர்த் என்னும் சிற்றூரில், பாதிரியார் ஒருவர் தம் மகனுக்கு 12 மரப் போர்வீரர் பொம்மைகள் வாங்கி வந்தார். அவர் மக்கள் நால்வர்: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். மூத்தவளுக்கு வயது 10, இளையவளுக்கு 6. ஆளுக்கொரு பொம்மையை எடுத்துப் பெயரிட்டார்கள். சார்லட்டின் வீரன் வெலிங்டன். பிரான்வெல்லின் வீரன் போனபார்ட். அந்த வீரர்களுக்கென ஒரு நாட்டைக் கற்பித்து, அதன் வரலாற்றையும் சண்டைகளையும் பத்திரிகைகளையும் கூடத் தாமே எழுதினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு நூல்கள் அவை. எழுத்துகளோ எறும்பு ஊர்ந்தாற்போல. பின்னாளில் சார்லட்டும் பிரான்வெல்லும் ‘ஆங்க்ரியா’ என்றும், எமிலியும் ஆனும் ‘கோண்டல்’ என்றும் தனித்தனி நாடுகளைப் படைத்துக்கொண்டு வளர்ந்த பின்னும் எழுதி வந்தனர். நாம் இன்று கைபேசியில் செய்வதை அக்குழந்தைகள் துண்டுக் காகிதத்தில் செய்தார்கள்.

அந்த ஆங்க்ரியா நாட்டின் நாயகன் ஸமோர்னா என்னும் கோமகன். அழகன், வீரன், கண்டவர் மயங்கும் காதலன். சிதம்பரநாதனுக்கு மூத்தவன் என்று கொள்ளலாம். அதே சார்லட் 1847இல் ‘ஜேன் அயர்’ என்னும் நாவலை வெளியிட்டபோது, அதன் நாயகி உருவில் சிறியவள், அழகில்லாதவள், கையில் காசில்லாத ஆசிரியை. நாயகி என்றால் அழகியாக இருக்க வேண்டும் என்று தங்கையர் வாதிட்டதையும், தம்மைப்போலவே எளிய தோற்றமுள்ள ஒருத்தியைக் கொண்டு வாசகர் மனத்தைக் கவர்ந்து காட்டுவதாகச் சார்லட் சொன்னதையும், எலிசபெத் காஸ்கெல் 1857இல் வெளியிட்ட அவருடைய வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். ஸமோர்னாவை இன்று ஆராய்ச்சியாளர்கள் அறிவார்கள். ஜேனையோ உலகமே அறியும்.

குறையற்ற பாத்திரத்துக்கு அமெரிக்காவில் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் அன்பர்கள் தாங்களும் அக்கதையில் புகுந்து எழுதத் தொடங்கிய காலத்தில், எழுதிய ஒவ்வொருவரும் சர்வ வல்லமை பொருந்திய ஒருத்தியைக் கொண்டு வந்தார்களாம். 1973இல் பாலா ஸ்மித் என்னும் பெண்மணி இதைக் கேலி செய்து, 15½ வயதிலேயே விண்கப்பல் அதிகாரியான ‘மேரி சூ’ என்பவளைப் படைத்தார். அன்று முதல் இத்தகையோர் அனைவருக்கும் அதுவே பெயராயிற்று. ஜபல்பூர்ச் சகோதரி கோபித்துக்கொள்ளலாகாது. அவருடைய ஆட்சித் தலைவர் மேரி சூவுக்கு நெருங்கிய உறவு.

இதற்கு மறுகோடியில் ஒரு மருந்தும் பிறந்தது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். அதன் முதல் விதிகளின்படி, ஒரு பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலிய ஆறு தன்மைகளுக்கும் மும்மூன்று பகடைகளை உருட்டி எண்ணிட வேண்டியிருந்தது. குறைந்தது 3, மிகுந்தது 18. தோள்வலியில் 17 விழுந்தவனுக்கு அறிவில் 6 விழுந்துவிடும். பகடை முகதாட்சணியம் பார்ப்பதில்லை அன்றோ? அந்த 6ஐ வைத்துக்கொண்டே அவன் பிழைக்க வேண்டும். அங்கே தோழர் துணையும் வேண்டியதாகிறது.

எங்களிடம் பகடை இல்லை. ஆகவே நானே என் பாத்திரத்தைக் குறைக்கத் துணிந்தேன். சிதம்பரநாதனுக்கு மாற்றல் உத்தரவு போட்டுத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிட்டேன். குழுவில் ஒருவரும் அவனை வழியனுப்ப வரவில்லை.

அடுத்து வந்தவன் சபாபதி. பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, 40 வயது. நான் நன்கறிந்த வேலையையே அவனுக்குக் கொடுத்தேன். மலைப் பிரதேசத்து இளவரசனைப் பற்றி எழுதினால் அவன் காலையில் எழுந்ததும் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. சபாபதி என்ன செய்வான் என்பதை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக என்னால் சொல்ல இயலும். நாகபுரி அம்மையாரின் பாத்திரம் காலனியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு கைம்பெண். அந்தக் கடையில் சபாபதிக்கு 640 ரூபாய் பாக்கி வைத்தேன். இந்தப் பாக்கி ஒன்றே மூன்று வாரம் கதையை நடத்தியது! எட்டு மாதக் கதையில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று சில வேளை தோன்றுகிறது. நல்லவன், கெட்டவன் என்று எழுதி வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு வேறொருவர் எங்கே போவார்? கடன்பட்டவன் என்றால், கேட்க ஒருவர் வர வேண்டும். ஒளிய ஓர் இடம் வேண்டும். சாக்குச் சொல்ல ஒரு நாக்கு வேண்டும்.

அவனுக்கு ஒரு பெருமையும் கொடுத்தேன். எந்த மூட்டையையும் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவான். தராசு அதன்பிறகு அவன் சொன்னதையே சொல்லும். ஒரு மறைவும் கொடுத்தேன். தான் தலைமைக் குமாஸ்தா ஆகிவிட்டதாக மூன்றாண்டுகளாக ஊருக்குப் பொய் எழுதி வருகிறான்.

குறையைக் கொண்டே பாத்திரம் சமைக்கலாம் என்பதை எங்கள் குழுவின் இளையவன் என்னைவிட அழகாக உணர்ந்திருந்தான். 15 வயதுப் பையன். போபாலில் ஹிந்திப் பள்ளியில் படிக்கிறான். தமிழ் பேசுவான், எழுத்து மட்டும் தடுமாறும். லகர ளகர ழகரங்கள் அவனிடம் ஒன்றுக்கொன்று வீடு மாறிக் குடியிருக்கும். சேரலாமா வேண்டாமா என்று அஞ்சி இரண்டு மாதம் வெளியே நின்றவன், பிறகு ஒரு பாத்திரத்துடன் வந்தான். வடக்கே பிறந்து, சாப்பாட்டுக் கடை அம்மாளிடம் இரவில் தமிழ் எழுதக் கற்கும் ஒரு டீ விற்கும் பையன்! கதை முழுவதும் அப்பையன் எழுதும் கடிதங்களே அவன் பங்கு. இப்போது அவனுடைய பிழைகள் எல்லாம் அப்பையனுடைய பிழைகள். நாகபுரி அம்மையார் கடைக்காரியாக நின்று அவற்றைத் திருத்துகிறார். இரண்டு வாரங்களாக ‘பழம்’ சரியாக வருகிறது.

பாத்திரத்தோடு வருகிறவர் கற்க வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. “சபாபதி அவன் கன்னத்தில் அறைந்தான், அவன் சுருண்டு விழுந்தான்” என்று நான் எழுதலாகாது. “சபாபதி கையை ஓங்கினான்” என்று நிறுத்த வேண்டும். அடி விழுந்ததா, விலகினானா, திருப்பி அடித்தானா என்பதெல்லாம் அவனுக்கு உரியவர் எழுத வேண்டியவை. 1931இல் இங்கிலாந்தில் துப்பறியும் கதை எழுதுவோர் சங்கத்தார் ‘தி ஃப்ளோட்டிங் அட்மிரல்’ என்னும் நாவலை ஆளுக்கோர் அத்தியாயமாக எழுதினர். அகதா கிறிஸ்டியும் டோரதி சேயர்ஸும் அவர்களுள் இருவர். முன்னவர் வைத்துப் போன சிக்கலைப் பின்னவர் உதறித் தள்ளக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. அத்தனை பெரிய எழுத்தாளர்களே கட்டுப்பட்டு எழுதியிருக்க, கிழவரின் முறிந்த காலை இரண்டு வரியில் ஒட்ட வைத்த என் துடுக்கை என்னவென்பது? நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கிழவர் மறுபடியும் விழுந்தார். இம்முறை நான் பேசாமலிருந்தேன்.

இனி, கடந்த மாதம் நிகழ்ந்தது. செகந்திராபாத் பெரியவரின் பாத்திரமான ஓய்வு பெற்ற கார்டு, கதையில் காசிக்குப் போய்விட்டார். “தம்பி, சபாபதியின் தகப்பனாரை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று அவர் எனக்குத் தனியே எழுதிக் கேட்டார். நானும் மகிழ்ந்து இசைந்தேன். தகப்பனார் வருவார், பொய் வெளிப்படும், ஏசுவார், சபாபதி அழுவான், நல்ல காட்சி அமையும் என்று கணக்குப் போட்டேன்.

பெரியவர் வேறு விதமாக எழுதினார். விடியற்காலை வண்டியில் கிழவர் இறங்குகிறார். தலைமைக் குமாஸ்தா யார் என்று கேட்கிறார்; யாரோ ஒருவர் வேறு ஒரு பெயரைச் சொல்லுகிறார். கிழவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த மூட்டையுடன் பார்சல் ஆபீஸ் வரிசையில் போய் நிற்கிறார். இவ்வளவும் எனக்குத் தெரியும்; சபாபதிக்குத் தெரியாது. தெரிந்ததைத் தெரியாதவனாக நின்று, முன்னால் நிற்கும் வியாபாரியின் வெங்காய மூட்டையை அவனைக் கொண்டு நிறுக்க வைத்தேன். என் விரல் நடுங்கியது. கிழவரின் முறை வந்தது. மூட்டையை மேடை மேல் வைத்து, முன்பின் அறியாத அதிகாரியிடம் பேசுவதுபோல, “இதைக் கொஞ்சம் எடை போடுங்கள், ஐயா” என்கிறார்.

அத்துடன் பெரியவர் நிறுத்திவிட்டார். அடுத்த வரி என்னுடையது.

11 நாட்கள் என்னால் எழுத இயலவில்லை. குழுவினர் காத்திருந்தார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. போபால் பையன் மட்டும், “அன்னா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டு எழுதினான். இரண்டு சுழியை அவன் இன்னும் விடவில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தப் பொய் சபாபதியின் பொய் அன்று. 2021இல் துறைத் தேர்வில் இரண்டாம் முறையும் தவறியபோது, தலைமைக் குமாஸ்தா ஆகிவிட்டதாக ஊருக்குத் தொலைபேசியில் சொன்னவன் நான். அப்பா அன்று தெருவில் நாலு வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்தாராம். அதன்பின் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாத்திரத்துக்கு ஒரு மறைவு வேண்டும் என்று தேடியபோது கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்தது அது. எடுத்துச் சபாபதிக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தால் என்னை விட்டுப் போய்விடும் என்று எண்ணினேன் போலும். பெரியவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் வரிசையில் வந்து நின்றிருக்க மாட்டார். அல்லது அப்போதும் நின்றிருப்பாரோ, அறியேன்.

பன்னிரண்டாம் நாள் இரவு, பார்சல் ஆபீஸில் ஆளில்லாத வேளையில் எழுதினேன். சபாபதி தராசைப் பார்க்கவில்லை. மூட்டையைக் கையால் தூக்கினான். “14 கிலோ இருக்கும், அப்பா” என்றான்.

பெரியவரின் விடைக்காக இப்போது நான் காத்திருக்கிறேன்.

ஜபல்பூர்ச் சகோதரிக்கு: குழுவில் இன்னும் இருவருக்கு இடம் இருக்கிறது. மாவட்ட ஆட்சித் தலைவரையே அழைத்து வாருங்கள், வீணையும் இருக்கட்டும். ஆனால் அவர் இந்தச் சந்திப்பில் எந்த வண்டிக்காகக் காத்திருக்கிறார், அது ஏன் அவருக்கு வரவே கூடாது, காலனியில் யாரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பவற்றை முதலில் எழுதி அனுப்புங்கள். சாப்பாட்டுக் கடையில் கணக்கு வைக்க விரும்பினால், நாகபுரி அம்மையாரிடம் நான் சொல்லி வைக்கிறேன்.

நம் இதழ் மாதந்தோறும் தபாலில் எங்கள் ஊருக்கும் போகிறது. என் தந்தையார் முதலில் புரட்டுவது இப்பக்கத்தைத்தான். எழுத்துப் பிழை சுட்டி எழுதுபவரும் அவரே. இம்மாதக் கடிதத்தில் அவர் எதைச் சுட்டுவார் என்று தெரியவில்லை. பாஸ் பற்றிய விவரங்களை அடுத்த இதழில் தவறாமல் எழுதுகிறேன்.